நடுவில் உட்கார்ந்திருக்கிறவன்

“எவனோ ஒருத்தன் நடுவுல உட்கார்ந்துக்கிட்டு என் பேச்சைத் திருடறானுங்கம்மா.”

சென்னியப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தென்னந்தோப்பு மடத்துக்குள் வந்து நின்று இதைச் சொன்னார். தவமணியம்மை மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

“யாரு?”

“தெரிஞ்சா விட்டு வெச்சிருப்பனா? சம்பந்தி வீட்டுக்காரங்க வீடியோல பேசறது பூராவும் எனக்கு வருது. நான் பேசறது அங்க போய்ச் சேர மாட்டேங்குது. நடுவுல எவனோ உருவிக்கறான். லைன் இழுத்தவனோ, கம்பம் நட்டவனோ. மாசம் பொறந்தா பில்லு மட்டும் டாண்ணு வந்துருது.”

“செருப்பு.”

சென்னியப்பன் வெளியே போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்தார். கோபத்தை விடவில்லை.

பழைய டிராக்டர் வாங்கி விற்கிற ஆள் அவர். பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி, மிச்சப் படிப்பெல்லாம் சந்தையில் அடிபட்டுக் கற்றது. அவர் குரல் தெருமுனையில் கேட்டாலே விற்கிறவன் பாதி விலைக்கு இறங்கிவிடுவான் என்று உடுமலைப் பக்கம் பேச்சு. அப்பேர்ப்பட்டவர், தன் மகளைவிடக் கொஞ்சமே மூத்தவரான தவமணியம்மைக்குச் சீடரானது ஒரு பழைய மோட்டாரால்.

தோப்பில் கிடந்த கிணற்று மோட்டாருக்கு விலை பேச வந்திருந்தார். ஒரு விலை சொன்னார். அம்மை பேசவில்லை. “துருப்புடிச்சதுங்க” என்றார். அம்மை பேசவில்லை. “சரி, துரு மேலாகத்தான் இருக்குது” என்று தானே கொஞ்சம் ஏற்றினார். அதற்கும் பேச்சில்லை. இப்படியே ஏற்றி ஏற்றிப் புது மோட்டார் விலையையும் தாண்டியபோது அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மோட்டாரை விட்டுவிட்டுக் காலில் விழுந்தார். அன்றைக்கிருந்து அவர் “அம்மா” என்பார். அம்மை அவரை “அண்ணா” என்பார்.

“இப்ப என்ன வேணும்ணா?”

“ஃபைபர் போடறதா வேண்டாமா? ஆளு கேபிள் சுருளோட இன்னைக்குச் சாயங்காலம் வர்றான். ரேட்டெல்லாம் பேசி முடிச்சுட்டேன். அழுதுட்டான்.”

“அப்புறம் யோசனை என்ன?”

“அம்மணி வேண்டாங்கறா. கல்யாணம் முடியற வரைக்கும் இந்த ஓட்டை லைனே இருக்கட்டும்ப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்ங்கறா. ஏன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறா. என் புள்ளைதானா அது?”

அம்மணி என்றது மகள் கோகிலவாணியை. அவளுக்கு முன்பு வந்த வரன்களெல்லாம் நேரில் வந்தவை. ஒன்று காபியோடு போயிற்று. சர்க்கரை கம்மி என்று பையனின் அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். இன்னொன்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் வாசலைக்கூடத் தாண்டவில்லை. காரை வெங்காயம் அடுக்கி வைத்த பட்டறைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். இந்த வரன் அவளே பார்த்துப் பிடித்தது, கூட வேலை பார்க்கிற பையன். பெற்றோர் வடக்கே பிலாயில் இருப்பதால் பேச்செல்லாம் வீடியோ காலில். இதுவும் முறிந்தால் இனி எவன் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று கோகிலவாணி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அந்த விஷயத்தில் அப்பன் ரத்தம்.

“சம்பந்திகூடப் பேச்சு எப்படிப் போகுதுங்ணா?”

சென்னியப்பன் நெஞ்சு நிமிர்ந்தது. “அதுல என்னங்கம்மா குறை? கல்யாணம் பிலாய்லதான்னு ஆரம்பிச்சாங்க. விட்டேன் ஒரு சத்தம். உங்க ஊர்லயே வெச்சுக்கலாம்னுட்டாங்க. பாதி போய்ச் சேர்ந்த சத்தத்துக்கே இப்படி. முழுசாப் போனா என்ன ஆகும், நினைச்சுப் பாருங்க!”

அம்மை கையைக் கழுவினார்.

“வாங்க போலாம்.”

“எங்கீங்க?”

“உங்க வீட்டுக்கு. அந்தத் திருடனை நானும் பார்க்கணும்.”

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிலாயிலிருந்து கூப்பிடுகிற நாள். கூடத்து மேசையில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்கு நேர் மேலே சுவர்ப் பலகையில் மோடம், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அழியாமல் உட்கார்ந்திருந்தது. பொட்டுக்குப் பக்கத்தில் அடிபட்டு நசுங்கிய தடம்.

அம்மை படத்தில் விழாதபடி ஓரமாக உட்கார்ந்தார். கோகிலவாணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டேப்லெட்டில் மணி அடித்தது. திரையில் பையனின் அப்பா வேதமூர்த்தியும் அம்மா புஷ்கலாவும் தெரிந்தார்கள்.

“வணக்கம் சம்பந்தி.”

“வணக்கம்!” என்றார் சென்னியப்பன்.

“நிச்சயதார்த்தம் விஷயமாத்தான். எங்க பக்கம் எல்லாரும் வரணும்னு ஆசைப்படறாங்க. ஒரு நூத்தம்பது பேர் வரைக்கும் ஆகும்.”

“நூத்தம்பதா!” சென்னியப்பன் துள்ளி எழுந்தார். “என்ன சம்பந்தி, ரயிலையே ஓட்டிக்கிட்டு வர்றீங்களா? இது வீடா, வெங்காய மண்டியா? உங்க ஊர்ல இதுக்குப் பேரு நிச்சயதார்த்தமா, படையெடுப்பா?”

அவர் வாயைத் திறந்தபோதே மோடத்தில் பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது.

“ஐயோ, மறுபடியும் திருடறான்! டேய்!” அவர் மோடத்தை அறையக் கையை ஓங்கினார்.

திரையில் பிலாய்க்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் கத்தினார். அவர்கள் பார்த்தார்கள். கத்திக் கத்தி இவருக்கு இருமல் வந்தது.

“நாமதான் அதிகப்படியாச் சொல்லிட்டோம்” என்றார் புஷ்கலா தன் கணவரிடம், மெதுவாக. “பாருங்க, எவ்வளவு நேரமா யோசிக்கறார்.”

வேதமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீங்க யோசிக்கறது நியாயம்தான் சம்பந்தி. கூட்டம் எதுக்கு? நாங்க எட்டுப் பேர் மட்டும் வர்றோம்.”

சென்னியப்பன் அம்மையைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

“வெள்ளிக்கிழமை காலைல வந்து இறங்கறோம்” என்றார் வேதமூர்த்தி. “ஹோட்டலெல்லாம் வேண்டாம். உங்க வீட்டிலேயே மூணு நாள் தங்கி, உங்க பக்கத்தில சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும். புஷ்கலாவுக்கு அதுதான் ஆசை.”

திரை இருண்டது.

“பார்த்தீங்களா அம்மா? நூத்தம்பது எங்க, எட்டு எங்க! இதுல பாதிகூடப் போயிருக்காது.”

அம்மை அவரைப் பார்க்கவில்லை. “அம்மணி, அவங்களுக்கு இவரு எப்படித் தெரியறாருன்னு காட்டு.”

கோகிலவாணி கொஞ்சம் தயங்கினாள். பிறகு தன் செல்போனைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள். வருங்கால மாமியார் அனுப்பிய படம்.

படத்தில் சென்னியப்பன் இருந்தார். கண் பாதி மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது. வலது கை உள்ளங்கை தெரிய உயர்ந்திருந்தது. அடியில் எழுதியிருந்தது: ‘எங்கள் சம்பந்தி. பேசவே மாட்டார். யோசிப்பார், ஆசீர்வதிப்பார்.’

“இது மோடத்தை அறையறதுக்குக் கை ஓங்கினதுதானே?”

“ஆமாப்பா.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“அவங்க பெரியத்தை இதைப் பூஜை ரூம்ல மாட்டியிருக்காங்களாம்ப்பா.”

சென்னியப்பன் சுவரில் சாய்ந்தார். “நான் பேசினதுல ஒண்ணுகூடவா போய்ச் சேரல?”

“ஒண்ணு போயிருக்கு. ‘வணக்கம்.’”

“அப்ப கல்யாணம் நம்ம ஊர்லன்னு இறங்கி வந்தது?”

“அன்னைக்கு ரொம்ப நேரம் லைன் கிடைக்கலப்பா. உங்க படம் அப்படியே நின்னுபோச்சு, நீங்க யோசிக்கறீங்கன்னு அவங்களே இறங்கிட்டாங்க.”

வாழ்நாளில் பேசி ஜெயித்த பேரங்களையெல்லாம் அவர் ஒருமுறை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் கறுத்தது.

“மொதல்லயே என்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னா அதுக்கும் கத்துவீங்க.”

“நான் எதுக்குடி கத்தறேன்!” என்று அவர் கத்தினார். மாட்டுக்கொட்டகையில் கன்று ஒன்று பதில் சொன்னது.

வாசலில் பைக் வந்து நின்றது. ஃபைபர்காரர் மயில்சாமி தோளில் கேபிள் சுருளோடு எட்டிப் பார்த்தார். “அண்ணா, எந்தப் பக்கமா இழுக்கட்டும்? மின்னல் மாதிரி இருக்கும்ங்ணா. நீங்க மூச்சு விட்டாக்கூட அந்தப் பக்கம் கேட்கும்.”

கோகிலவாணி இரண்டு கையையும் கூப்பினாள்.

“வேண்டாம்! போ!” என்றார் சென்னியப்பன். “பழைய லைனே இருக்கட்டும். அவன் நல்லா உட்கார்ந்து திருடட்டும். கல்யாணம் முடியற வரைக்கும் மோடத்து மேல எவனும் கை வைக்கக் கூடாது. என்னையும் சேர்த்துத்தான்!”

மயில்சாமி போகவில்லை. பேசி அழுத பேரத்தைப் பாதியில் விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

தவமணியம்மை ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

“ஃபைபர் போடுங்க, போடாம இருங்க. வெள்ளிக்கிழமை அவங்க லைன்ல வரலீங்ணா. ரயில்ல வர்றாங்க.”



சென்னியப்பன் மெல்ல உட்கார்ந்தார். எட்டுப் பேர். மூன்று நாள். காபி, சர்க்கரை, கார் நிறுத்துகிற இடம். மகளைப் பார்த்தார். அவள் இன்னும் கையைக் கூப்பியபடியே நின்றாள். மோடத்தைப் பார்த்தார். அது பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாத மாதிரி.

“அம்மா.” அவர் குரல் இவ்வளவு சின்னதாக வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. “நேருக்கு நேரா உட்கார்ந்துட்டா, நடுவுல இருந்து என் பேச்சைத் திருடறதுக்கு எவனுங்கம்மா இருப்பான்?”

அம்மை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அவன் உங்க வீட்டு ஆளுதாங்ணா. இத்தனை வருஷமா வேலைக்கு வராம ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கான். ஆளைப் பிடிங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து உங்க நெஞ்சுக்கும் நாக்குக்கும் நடுவுல, அவன் இடத்துல உட்காரச் சொல்லுங்க.”