விலைக்கு வாங்கிய வெற்றியும் அரசரின் தலைப்பாகையும்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நாடும் அக்கரையில் ஒரு நாடும் இருந்தன. இரண்டு நாட்டுக்கும் சண்டை கிடையாது. ஆனால் மாசி மாதத்தில் ஆறு வற்றி மணல் தெரிந்துவிட்டால் போதும், சடுகுடு வந்துவிடும். ஆற்றின் நடுவில் கோடு கிழித்து, அந்தப் பக்கம் ஏழு பேர், இந்தப் பக்கம் ஏழு பேர். அடடா, அதுவல்லவோ ஆட்டம்! சமையற்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள். சிறையில் இருப்பவர்களைக்கூடக் காவலர்கள் கூட்டிக்கொண்டு வருவார்கள், தாங்களும் பார்க்க வேண்டுமே என்று. இப்போதெல்லாம் யார் அப்படி ஓடி வருகிறார்கள்? சரி, அதை விடுங்கள்.

இக்கரை நாட்டு அரசர் பெயர் மகிழ்மாறர். இளவரசராக இருந்த காலத்தில் அவரும் அந்த மணலில் புரண்டவர்தான். கோட்டைக்குக் கீழே சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர் மகன் காத்தமுத்துவும் இளவரசரும் ஒரே அணி. இளவரசர் என்று யாரும் ஒதுங்கி நிற்க மாட்டார்கள். காலை வாரிவிடும்போது எல்லாக் காலும் ஒன்றுதான். முதன்முதலாக வென்ற அன்று அவர் தலைப்பாகையை வானத்தில் எறிந்து, அது ஆற்றில் போய் விழுந்து, வெறுந்தலையோடு அரண்மனைக்குப் போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு முடிசூட்டினார்கள். அரசர் மணலில் இறங்கக் கூடாது என்றார்கள். அவர் மேடையில் உட்கார்ந்தார். காத்தமுத்து அணிக்குத் தலைவனாகி ஆடிக்கொண்டே இருந்தான்.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சில வருடங்கள் வரிசையாகத் தோற்றார்கள். தோற்பதும் ஆட்டத்தில் உள்ளதுதானே? ஆனால் தளவாய் உக்கிரமூர்த்தி விடவில்லை. நாட்டின் படைக்கெல்லாம் தலைவர், மீசைக்கு மட்டும் தனியாக ஆள் வைத்து எண்ணெய் போடுகிறவர்.

"அரசே, சுண்ணாம்பு சுடுகிறவனும் துணி வெளுக்கிறவனும் ஆடினால் வெற்றி எப்படி வரும்? பொக்கிஷத்தைத் திறவுங்கள். எட்டுத் திசையிலிருந்தும் சூரர்களை விலைக்கு வாங்கி வருகிறேன்" என்றார்.

அரசருக்குத் தோல்வி கசந்திருந்த நேரம். சம்மதித்தார். காத்தமுத்துவிடம் நேரில் சொல்ல அவருக்கு முகம் இல்லை. அதனால் தளவாயை அனுப்பினார். தளவாய் குதிரையிலிருந்து இறங்காமலே, "இனி நீங்கள் வர வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சூரர்கள் வந்தார்கள். மூச்சுப் பிடிப்பதில் நிகரில்லாத முத்துக்குளிக்கிறவன் ஒருவன். மலைநாட்டிலிருந்து, தொடையால் பூட்டுப் போட்டால் யானையும் திரும்ப முடியாது என்ற ஒருவன். இப்படி ஏழு பேர். ஆளுக்கொரு பல்லக்கு, ஆளுக்கொரு சமையற்காரன். சடுகுடுவில் எதிராளி பாடிக்கொண்டு உள்ளே வந்தால், தடுக்கிறவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்க வேண்டும். இவர்களோ அவன் கையை நான் ஏன் பிடிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். எதிராளி வந்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து ஒருவர் மண்டையில் ஒருவர் மோதிக்கொண்டார்கள். எதிராளி நடந்தே திரும்பிப் போனான். அந்த வருடமும் தோல்விதான்.

அவையில் கோமாளியாக இருந்தவன் உலகளந்தான். பெயர்தான் அப்படி, ஆள் அரசரின் இடுப்புயரம். அவன் மெதுவாகச் சொன்னான்: "அரசே, ஏழு தலைவாழை இலையை வாங்கி வந்துவிட்டார் தளவாய். சோறு வாங்க மறந்துவிட்டார்."

அவை சிரித்தது. தளவாய் சிரிக்கவில்லை. "செலவு போதவில்லை அரசே. அடுத்த முறை அக்கரை அணியையே வாங்கிவிடுகிறேன், சங்கிலியோடு சேர்த்து" என்றார்.

சொன்னபடி வாங்கியும்விட்டார். அக்கரை ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் என்று அவரவர்க்கு ஆயிரம் தேவை. அந்த மாசியில் அக்கரை அரசர் ஆளில்லாமல் மடைப்பள்ளிக்காரர்களைக் களத்தில் இறக்கினார். இக்கரை வென்றது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? பணம் வெற்றியை வாங்கித்தான் கொடுத்தது.

ஆனால் அன்று மணலில் ஒரு சத்தம் இல்லை. சனங்கள் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு, வீட்டுக்குப் போனார்கள். அரசர் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிக் கேடயத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். "அங்கே வையுங்கள்" என்றார்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அவையில் கேட்டார்: "நாம் வென்றோம். பிறகு ஏன் இனிக்கவில்லை? சிறுவயதில் வென்ற அன்று நமக்குத் தூக்கமே வரவில்லை. அந்த ஆனந்தம் எங்கே போயிற்று? வரும் மாசியில் அது நமக்கு மீண்டும் வேண்டும். யார் கொண்டு வருவீர்கள்?"

 தளவாய்க்கு மட்டும் கண் மின்னியது.

"அரசே, எங்கள் உழைப்பைக் கேலி செய்கிற உலகளந்தான் இருக்கிறானே, அவனே கொண்டு வரட்டும். ஆனால் பொக்கிஷத்தில் அவன் கை வைக்கக் கூடாது. நாம் வாங்கிய அணியில் ஒரு ஆளைக்கூட மாற்றக் கூடாது. முடியாவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

அரசர் இருந்த மனநிலையில் தலையாட்டிவிட்டார்.  உலகளந்தான் பிறந்த ஊர் இது. போவதற்கு வேறு ஊர் கிடையாது. ஆனாலும் கைகட்டி நின்று கேட்டான்:

"அரசே, அடியேன் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தங்கள் அணி வெல்ல வேண்டுமா, தாங்கள் துள்ள வேண்டுமா?"

"வெல்வது தளவாயின் பொறுப்பு. நாம் துள்ள வேண்டும். பழையபடி தலைப்பாகையை எறிய வேண்டும். அவ்வளவுதான்."

"உத்தரவு" என்று உலகளந்தான் நேரே காளவாய்க்குப் போனான். காத்தமுத்து சுண்ணாம்புக் கல்லை உடைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது, சுண்ணாம்பாலா வயதாலா என்று தெரியவில்லை.

"காத்தமுத்து, மாசிக்கு ஆடறியா?"

"எங்கய்யா ஆட? அதான் வர வேணாம்னுட்டாங்களே."

"அக்கரைக்கு ஆடு."

காத்தமுத்து சுத்தியலைக் கீழே வைத்தான். "வெளயாடறீங்களா? நம்ம ராசாவுக்கு எதுக்கவா?"

"இந்தா பாரு. அவங்க ஆளையெல்லாம் நம்ம ராசா வாங்கிட்டாரு. அங்க கோடு இருக்கு, ஆளில்ல. இங்க ஆளிருக்கு, கோடில்ல. அதுவுமில்லாம, ஒன் ஆட்டம் பாக்காம அந்த மனுசன் சோறு திங்காம கெடக்காரு. அது அவருக்கே தெரியல."

 காத்தமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குதிரய விட்டு எறங்காம சொல்லிட்டுப் போனாருய்யா அந்த ஆளு. ராசா ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன்" என்றான். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மறுநாள் பழைய அணியைச் சேர்த்துவிட்டான்.

அக்கரை அரசர் முதலில் இவர்களை ஒற்றர்கள் என்று நினைத்தார். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். "ஆடுற அன்னிக்குக் கூழ் ஊத்துங்க சாமி, போதும்" என்றான் காத்தமுத்து. அவரும் மடைப்பள்ளிக்காரர்களைத் திரும்ப அடுப்படிக்கே அனுப்பிவிட்டார்.

மாசி வந்தது. மேடையில் மகிழ்மாறர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தளவாய் மீசை பளபளக்க நின்றார். அக்கரை அணி மஞ்சள் துண்டைத் தலையோடு சேர்த்து முகம் மறையக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கியது. முதல் ஆள் கோட்டைத் தாண்டி மூச்சைப் பிடித்துப் பாட ஆரம்பித்தான்:

"கோட்டைமேலே கோவைப்பழம், கொத்த வந்த கிளி கிளி கிளி கிளி..."

அரசர் நிமிர்ந்தார். அது இக்கரையில், கோட்டைக்குக் கீழே மட்டும் பாடுகிற பாட்டு. வேறு எந்த ஊரிலும் அதைப் பாடி யாரும் உள்ளே போனதில்லை. அவர் உதடுகள் தாமாகவே அசைந்தன. கிளி கிளி கிளி. கூட்டத்தில் சலசலப்பு. அந்த ஆள் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வர, துண்டு நழுவியது. காத்தமுத்து!

சனங்கள் ஒருமுறை அரசரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அரசராவது மண்ணாவது என்று கத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று! ஆற்றங்கரை மரத்தில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

ஆட்டம் சுலபமாக இல்லை. வாங்கப்பட்டவர்கள் நன்றாகவே ஆடினார்கள். சங்கிலி கட்டிக் கட்டிப் பிடித்தார்கள். கிழட்டுச் சலவைக்காரன் பாட்டின் நடுவில் மூச்சு விட்டு ஆட்டமிழந்தான். குயவன் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிபட்டான். பொழுது சாயத் தொடங்கியது. ஆட்டம் முடிகிறது என்று முரசடிக்கிறவன் கோலைத் தூக்கிவிட்டான். கடைசியாக ஒருவன் மட்டும் உள்ளே போகலாம். காத்தமுத்து போனான்.

கிளி கிளி கிளி என்று ஒவ்வொரு காலாகத் தொடப் பார்த்தான். ஒருவன் காலைப் பிடித்தான், இன்னொருவன் இடுப்பை. நான்கு பேர் மேலே விழுந்து மணலில் அழுத்தினார்கள். காத்தமுத்து பாட்டை விடவில்லை. முகமெல்லாம் மண், ஆனாலும் கிளி கிளி என்று வந்துகொண்டே இருந்தது. கையை நீட்டி, நகத்தால் மணலைப் பிறாண்டிக்கொண்டு, நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தான். கோட்டுக்கு இன்னும் ஒரு முழம்.

மேடையில் ஓர் ஆசனம் கவிழ்ந்து விழுந்தது.

"காத்தா! விட்றாதடா! கைய நீட்றா! கோட்டத் தொட்றா டேய்!"

இப்படிக் கத்தியது யார் என்று தளவாய் கோபத்தோடு திரும்பினார். அரசர்தான்! மேல்துண்டு தரையில் கிடக்க, கழுத்து நரம்பு புடைக்க, மேடை விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். காத்தமுத்துவின் விரல் கோட்டைத் தொட்டது. பிடித்த நான்கு பேரும் ஆட்டமிழந்தார்கள். அரசர் தலைப்பாகையைப் பிடுங்கி வானத்தில் எறிந்து துள்ளினார்!

முரசு முழங்கியது. யாருக்கு எத்தனை பழம் என்று புள்ளிக் கணக்குப் பார்த்தார்கள். கணக்கைக் கேட்கப் போன தளவாய் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அரசே, அரசே! கவலை வேண்டாம். ஒரு பழம் வித்தியாசத்தில் நம் அணிதான் வென்றது!"

"அப்படியா?" என்றார் அரசர். அவர் முகம் தொங்கிப் போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தளவாய்க்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அரசே, இது இராஜத் துரோகம்! உலகளந்தான் நம் ஆட்களையே பகைவனுக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். நாட்டை விட்டு விரட்டினால் போதாது, தலையை வாங்க வேண்டும்!"

உலகளந்தான் முன்னால் வந்து பணிந்தான். "அரசே, பொக்கிஷத்தின் பக்கமே நான் போகவில்லை. தளவாய் வாங்கிய அணியில் ஒரு மயிரைக்கூட அசைக்கவில்லை. அவர்கள் அப்படியே இருக்கிறார்கள், வென்றும் இருக்கிறார்கள். எதிரணியை மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தாங்கள் துள்ள வேண்டும் என்றீர்கள். துள்ளினீர்கள். தலைப்பாகை இன்னும் கீழே வரவில்லை, முரசுக்காரர் பந்தல் கூரையில் மாட்டிக்கொண்டிருக்கிறது."

அரசருக்கு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "தளவாயே, எதிரி நாட்டுக்கு ஆள் கொடுத்தவன் துரோகி என்றால், எதிரி நாட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தினவனை என்ன செய்வீர்? முதலில் நம் தலையை வாங்கும்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டமும் சிரித்தது. தளவாயின் மீசை ஒரு பக்கம் சரிந்தது.

அரசர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகளந்தானுக்குப் போட்டார். அவன் உயரத்துக்கு அது முழங்காலைத் தொட்டது. "இரண்டு சுற்றாகப் போட்டுக்கொள்கிறேன் அரசே, இரண்டு மாலை வாங்கின கணக்காகட்டும்" என்றான். அரசர் இன்னும் சிரித்தார்.

பிறகு அவர் மேடையை விட்டு இறங்கினார். யார் தடுத்தும் கேட்கவில்லை. மணலில் வெறுங்காலோடு நடந்து போய், மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த காத்தமுத்துவின் எதிரில் நின்றார்.

"காத்தா, திரும்பி வந்துடுறியா? என்ன வேணும்னு கேளு. ஊரு வேணுமா, நெலம் வேணுமா?"

காத்தமுத்து மெல்ல எழுந்து, முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் வேணாம் ராசா. வாடான்னு நீங்களே வந்து கூப்ட்டீங்கல்ல, அது போதும். போகும்போதும் நீங்களே வந்து சொல்லியிருக்கலாம்."

அரசருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவன்தான் பாவம் பார்த்து, "சரி விடுங்க, இப்ப ஒரு ஆட்டம் போடுவமா? வெளிச்சம் இருக்கு" என்றான்.

மகிழ்மாறர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோட்டைத் தாண்டி, கிளி கிளி என்று உள்ளே போனார். நாலே அடியில் மூச்சு விட்டுப் பிடிபட்டார். மண்ணில் மல்லாந்து கிடந்தபடி அவர் சிரித்த சிரிப்பு இரண்டு கரையிலும் கேட்டது என்கிறார்கள். அன்றிலிருந்து அந்த நாட்டில் எல்லோரும் சுகமாக இருந்தார்கள், தளவாயைத் தவிர.