பூங்காவனம் எழுந்து நின்ற காரணம்

செய்யாற்றில் ஒரு பஜனை மடம். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே லோகாம்பாள் அம்மா பாடுவார். நாற்பத்தைந்து வயசுதான். பாட்டுக்கு ஒரு குரல், பேச்சுக்கு ஒரு குரல் என்று அவரிடம் கிடையாது.

அவரைக் குருவாக ஏற்றவர்களில் கனகசபை வயதில் மூத்தவர். ரயிலில் முப்பத்தாறு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் யார் எங்கே உட்காருவது, செருப்பை எங்கே விடுவது, எல்லாம் அவர் பொறுப்பு.

ஒரு சனிக்கிழமை எல்லாரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு அவர் அம்மாவிடம் வந்தார். கையில் ஒரு பலகை. 'பாடும்போது எழுந்து ஆடக் கூடாது' என்று எழுதியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"மாட்டட்டுமாம்மா?"

"யார் ஆடறாங்க?"

"பூங்காவனம்."

பூங்காவனம் பின் தெருவில் ஜாக்கெட் தைப்பவர். தனி ஆள். ஆறு மாசமாக மடத்துக்கு வருகிறார். மூன்றாவது பாட்டு வந்தால் எழுந்து ஆடுகிறார்.

"மறைக்குதுன்னு யாரோ சொன்னாங்களே, அதுவா?"

"தாசில்தார் வீட்டம்மா சொன்னாங்க. பாட்டுக் கேட்க வந்தேன், பின்னல் ஆடறதைப் பார்க்க வரலைன்னு. அன்னைக்கே பூங்காவனத்தைக் கடைசித் தூண் பக்கம் போகச் சொல்லிட்டேன். போயிட்டாங்க."

"இப்ப யாருக்கு மறைக்குது?"

"யாருக்கும் மறைக்கலை."

"பின்னே?"

கனகசபை கூடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அது நிஜம் இல்லைன்னு தோணுதும்மா."

மறைப்பு போய்விட்டது. சந்தேகம் போகவில்லை.

"எப்படிச் சொல்றீங்க?"

"மூணாவது பாட்டுக்குத்தான் எழுந்திருக்காங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் இல்லை. எழுந்திருக்கும்போது இந்தப் பக்கம் பார்க்கறாங்க, அந்தப் பக்கம் பார்க்கறாங்க. பக்தியில எழுந்தவங்க பக்கத்தில யாருன்னு பார்ப்பாங்களா? டிக்கெட் இல்லாதவன்தாம்மா அப்படிப் பார்ப்பான்."

அம்மா சிரித்துவிட்டார்.

"இன்னும் இருக்கு. நீங்க வேகமாப் பாடினாலும் சரி, மெதுவாப் பாடினாலும் சரி, கால் ஒரே மாதிரிதான் போகுது. குதிகால், முன்கால். குதிகால், முன்கால். தாளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"நல்லா கவனிச்சிருக்கீங்க."

அது பாராட்டா இல்லையா என்று கனகசபைக்கு விளங்கவில்லை.

"பலகையை மாட்டினா அவங்க என்ன பண்ணுவாங்க?"

"எல்லாரையும் மாதிரி உட்காரணும். முடியாதுன்னா வரக் கூடாது. இன்னைக்கு ஒருத்தர் ஆடுவாங்க, நாளைக்குப் பத்துப் பேர் ஆடுவாங்க. நீங்களே சொல்லிடுங்கம்மா. பாட்டு நடக்கும்போது ஆடலாமா, உட்காரணுமா?"

அம்மா ஜால்ராவைத் துணியில் சுற்றினார்.

"ஏன் எழுந்திருக்காங்கன்னு அவங்களையே கேட்டீங்களா?"

"கேட்டா நிஜத்தைச் சொல்லுவாங்களா?"

"சொல்லலைன்னா உங்களுக்குத் தெரியாமலா போகும்?"

கனகசபை பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் யோசனை. ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வருகிறது என்று அம்மாவுக்கே அது பிடித்திருக்கிறதோ? குருவைச் சந்தேகப்படுவது பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட பிறகும் சந்தேகம் அப்படியேதான் இருந்தது.

அவருக்குள் இன்னொன்றும் இருந்தது. மூன்று வருஷமாக அவர் அந்தக் கூடத்தில் முதுகு வளையாமல் உட்காருகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவருக்கு ஒரு தடவைகூட ஒன்றும் ஆனதில்லை. இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. தனக்கு வராத ஒன்று, தையல்காரிக்கு மட்டும் வாராவாரம் மூணாவது பாட்டில் வந்துவிடுமா?

புதன்கிழமை அவர் மனைவியிடம் ஒரு ஜாக்கெட் துணி கேட்டார்.

"என் ஜாக்கெட் மேல உங்களுக்கு என்னைக்கு இவ்வளவு அக்கறை வந்தது?" என்றார் செண்பகம். ஆனாலும் பீரோவைத் திறந்து ஒரு பச்சைத் துணியைக் கொடுத்தார்.

பூங்காவனம் மெஷினில் இருந்தார். கால் மெஷின். வெளியே ஸ்டூலில் கனகசபை உட்கார்ந்தார். துணியைக் கொடுக்காமல் மெஷினுக்குக் கீழே பார்த்தார். இரண்டு பாதமும் மெஷினின் மிதிபலகையை மிதித்துக்கொண்டிருந்தன. குதிகால், முன்கால். குதிகால், முன்கால்.

அவருக்கு மனசுக்குள் ஒரு துள்ளல். பிடித்துவிட்டோம் என்கிற துள்ளல்.

"அளவு ஜாக்கெட் எங்கே சார்?"

அவர் கொண்டுவரவில்லை.

"அளவு இல்லாம நான் யாருக்குத் தைக்க, உங்களுக்கா? சரி, வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

கனகசபை கேட்டுவிட்டார். மெஷின் நிற்கவில்லை. தையல் ஓரத்துக்கு வந்ததும் பூங்காவனம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றார்.

"என்ன தெரிஞ்சுபோச்சா?"

"பத்து மணி நேரம் இந்தப் பலகையிலேயே கால் இருக்குது சார். அங்கே வந்து தரையில சம்மணம் போட்டா ரெண்டு பாட்டு தாங்கும். அப்புறம் மரத்துப்போயி, ஊசி குத்துற மாதிரி இருக்கும். எழுந்து சும்மா நின்னா எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. என்னம்மா, என்னம்மான்னு கேட்கறாங்க. ஆடினா ஒருத்தரும் கேட்கறதில்லை. சாமிக்குன்னு நினைச்சுக்கறாங்க."

"அப்ப அது ஆட்டமே இல்லை."

"எனக்கு ஆடத் தெரியாது சார். கால் இப்படித்தான் போகும். வேற மாதிரி போகச் சொன்னாலும் போகாது."

கனகசபை மறுபடியும் மெஷினுக்குக் கீழே பார்த்தார்.

"தப்புன்னா சொல்லிடுங்க. நான் உள்ளே வரலை. செருப்பு விடற இடத்துல நின்னு கேட்டுக்கறேன். என்ன, அங்கே பஸ் சத்தத்துல பாதிதான் காதுல விழும்." துணியைத் திருப்பிப் போட்டு ஊசியை இறக்கினார். பிறகு, யாருக்கோ சொல்வது போல, "ஒரு பாட்டுலேயே கால் சரியாயிடும் சார். சரியானதும் உட்கார்ந்துடணும்னுதான் நினைச்சுக்கிட்டு வருவேன். மறந்துபோயிடுது. நீங்கள்லாம் எழுந்து சுண்டலுக்குப் போகும்போதுதான் இன்னும் நின்னுக்கிட்டிருக்கேன்னு தெரியுது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கனகசபை நேரத்தோடு மடத்துக்குப் போனார். பலகை நன்றாகக் காய்ந்திருந்தது. ஆணியும் சுத்தியலும் பையில் இருந்தன.

அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டேன்மா. நான் சந்தேகப்பட்டது சரிதான். அது பக்தி இல்லை. கால் மரத்துப்போகுதுன்னு எழுந்திருக்காங்க. அந்த ஆட்டமும் ஆட்டம் இல்லை, மெஷின் மிதிக்கறது. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"அவ்வளவுதான் சொன்னாங்களா?"

கனகசபை பலகையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். முப்பத்தாறு வருஷ வேலையில் அவர் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை.

"கால் சரியான பிறகும் உட்கார மறந்துபோகுதுன்னு சொன்னாங்க."

அம்மா திரியை எண்ணெயில் நனைத்தார். வாசலில் ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தாசில்தார் வீட்டம்மா முன்வரிசையில் ஜமக்காளத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பூங்காவனம் வந்தார். உள்ளே நுழையாமல், செருப்பு விடும் இடத்தில் சுவரோரமாக நின்றுகொண்டார். கனகசபை அதைப் பார்த்தார்.

"மாட்டட்டுமாம்மா?"

"எழுந்திருக்கறவங்க ஏன் எழுந்திருக்காங்கன்னு கேட்டுட்டீங்க. உட்கார்ந்திருக்கறவங்க ஏன் உட்கார்ந்திருக்காங்கன்னு கேட்டீங்களா?"

"அதில கேட்க என்னம்மா இருக்கு. மரியாதைக்குத்தான்."

"எல்லாருமா?"

"மத்தவங்களை எனக்குத் தெரியாது. நான் மரியாதைக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அம்மா முதல் திரியை ஏற்றினார்.

"இருக்கலாம். பூங்காவனத்தை விசாரிச்ச மாதிரி அதையும் ஒரு தடவை விசாரிச்சுடுங்க. அப்புறம் மாட்டலாம். அதுவரைக்கும் அவங்களை உள்ளே வரச் சொல்லுங்க."