கரடியின் கையும் முயலின் கல்லும்

பலாமரங்கள் சூழ்ந்த காட்டுக் குளக்கரையில், சிட்டாள் என்ற முயல் மூன்று குட்டிகளோடு வளையில் வாழ்ந்தது. ஒருநாள் காலை காட்டுப்பூனை ஒன்று வளைக்குள் எட்டிப் பார்த்தது. "நாளைக்கு அந்தியில வர்றேன்!" என்று சப்புக்கொட்டிவிட்டுப் போனது.

உடனே ஒரு கதவு வேண்டும்! தேடித் தேடிக் கிடைத்தவை கரையில் ஒதுங்கிய இரண்டு மெல்லிய பலகைகள்தான். ஒன்றை வைத்தால் பாதி வளைதான் மூடியது. இரண்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டியாக வேண்டும். சிட்டாள் பிசினாய் ஒட்டும் பலாப்பாலைக் கொண்டுவந்து விளிம்பில் தடவியது.

அந்த வழியாகக் கரடி வந்தது. தன்னைப்போல் பலசாலி காட்டிலேயே இல்லை என்று அதற்கு நினைப்பு.

"தள்ளிக்கோ தங்கச்சி! ஒரே நெருக்குல ஒட்டிக் காட்டுறேன்!"

இரு பக்கமும் கைவைத்து நெருக்கியது. பலகைகள் நடுவில் கூரைபோல் எழும்பி, டப்பென்று பிரிந்தன.

"இன்னும் பலமா நெருக்கணும்!"

மறுபடியும் எழும்பின. ஒரு பலகையில் கீறலும் விழுந்தது. சிட்டாள் பதறி ஓடி வந்தது. இது உடைந்தால் வேறு பலகைக்கு எங்கே போவது?

"போதும் அண்ணே, கையை எடுங்க! நெருக்குனா இது ஏன் மேலே எழும்புது?"

"ஏனோ எழும்புது! அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது?"

சிட்டாள் விடவில்லை. பலகைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. எழும்பினால் அகலம் குறைகிறது. அமுக்கினால் விரிகிறது. விரிய இடமே கொடுக்காவிட்டால்?

"அண்ணே, அதோ கரையில கிடக்குற ரெண்டு பாறாங்கல்லையும் எதிரெதிரா நகர்த்துங்க!"

கரடி நகர்த்தியது. இடைவெளி பலகைகளின் மொத்த அகலத்தைவிட மயிரிழை குறைவு. தரையில் ஒட்டாமலிருக்கச் சிட்டாள் ஓர் இலையை விரித்தது. கற்களுக்கு நடுவே பலகைகள் கூரைபோல் நின்றன. விளிம்பில் பால் தடவி, முன்காலால் மெல்ல அமுக்கியது. அடடா! பலகைகள் கல்லில் முட்டி, ஒன்றையொன்று தாமே இறுக்கிக்கொண்டன. மேலே ஒரு சின்னக் கல்லை வைத்தது.

"நான் ஏறி உட்காரட்டுமா?"

"ஐயோ, வேணாம் அண்ணே! நாளை வரைக்கும் தொடாம இருந்தீங்கன்னா அதுவே பெரிய உதவி!"

மறுநாள் சிட்டாள் ஒட்டிய கதவை வளை வாயில் பொருத்தி, உள்ளிருந்து முட்டுக்கொடுத்தது. அந்தியில் காட்டுப்பூனை வந்தது. கதவில் ஒட்டிய இடமாகப் பார்த்துத் தோளால் முட்டியது. உள்ளே குட்டிகள் சிட்டாளோடு ஒண்டிக்கொண்டன. மூன்று முறை முட்டியும் பூனையின் தோள்தான் வலித்தது. முனகிக்கொண்டே திரும்பிப் போனது.

பலத்தைக் காட்டுமுன் பொருளின் போக்கைக் கவனிப்பவருக்கே காரியம் கைகூடும்.