மூன்று பக்க மரியாதை

பல்லடம் நூல்மில் மேனேஜர் ராமலிங்கத்தின் மெயிலைப் படித்து முடிப்பதற்குள் ஷிப்டே முடிந்துவிடும். கிளார்க் துளசிமணியோ ஒரே வரிதான் எழுதுவாள்: "நாளை மில் பஸ் ஆறு மணிக்கு."

"இதில் மரியாதை எங்கே? சாயங்காலத்துக்குள் எனக்கு மூன்று பக்கத்துக்கு ஒரு மெயில் வரணும். இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே!" என்றார் மேனேஜர்.

அனுப்பினாள். "பிரமாதம்!" என்று உடனே பதில் வந்தது.

மறுநாள் காலை கம்பெனி காரைக் காணாமல் வீட்டு வாசலில் நின்ற மேனேஜர், துளசிமணிக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"கார் சர்வீசுக்குப் போயிருக்குங்க சார். இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேனே. பிரமாதம்னு சொன்னீங்களே?"

"இப்ப நான் எப்படி வர்றது?"

"மில் பஸ் உங்க வாசலுக்கே வருதுங்க. அது மூன்றாம் பக்கம்."

அன்று எல்லோருக்கும் மேனேஜரின் மெயில் வந்தது: "என்னை நடக்கவிடாததற்கு நன்றி, துளசிமணி. இனி எல்லோரும் உன்னைப்போலவே சுருக்கமாக எழுதட்டும்."

மில்லே முழுசாகப் படித்த அவருடைய முதல் மெயில் அது.