சூரியனை முறைத்த ராஜா

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைச் செங்கதிர்ராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாட்டைப் பார்த்துக்கொண்டது மந்திரி பூதங்கிழார். ராஜாவுக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. தினமும் உச்சிவேளையில் அரண்மனை மேல்மாடத்தில் நின்று சூரியனை முறைத்துப் பார்ப்பான்.

எவனோ ஒரு பாணன் சாப்பாட்டுக்காகப் பாடிய பாட்டில், ராஜா சூரிய குலத்து வாரிசு, அந்தக் குலத்தாரால் மட்டும்தான் சூரியனை இமைக்காமல் பார்க்க முடியும் என்று ஒரு வரி வந்துவிட்டது. பாணன் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். வரி மட்டும் ராஜா தலையில் தங்கிவிட்டது.

அன்று முதல் ராஜா முறைப்பான். பின்னால் நிற்கும் வாசவராயர் என்கிற அவைப் பிரபு, "இன்றும் சூரியன்தான் முதலில் கண் சிமிட்டினான், மகாராஜா" என்று அறிவிப்பார். அதைத் தவிர அவருக்கு அரண்மனையில் உருப்படியான வேலை எதுவும் இல்லை.

சில மாதங்களில் ராஜாவின் கண்கள் எரிந்தன. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கரும்புள்ளி. ஒரு நாள் சபைத் தூணிடம் போய், "வாருங்கள் மாமா, வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்டான். மாமனார் இரண்டு தூண் தள்ளி நின்றிருந்தார். தூண் செய்த பாக்கியத்தைச் சபையே மெச்சியது.

மகாராணிக்குப் பொறுக்கவில்லை. வைத்தியர் சோமதேவரை வரவழைத்தாள். அவர் ராஜாவின் கண்களைப் பார்த்துவிட்டு, திரிபலா ஊறவைத்துத் தெளிந்த நீரால் கண்ணைக் கழுவ வேண்டும், பொன்னாங்கண்ணியை நெய்விட்டுச் சாப்பிட வேண்டும், படுக்கும்போது உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்க்க வேண்டும் என்றார். "ஆனால் சூரியனை முறைப்பதை இன்றே நிறுத்தினால்தான் இதெல்லாம் பலிக்கும். இல்லாவிட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும்" என்றும் சொன்னார்.

வாசவராயர் அவசரமாக முன்னால் வந்தார். முறைப்பு நின்றால் அவர் பிழைப்பும் நின்றுவிடுமே.

"கண் எரிந்தால் காலில் எண்ணெயா? நாளைக்கு மகாராஜாவுக்குப் பல் வலித்தால் குதிரைக்குப் புல் போடச் சொல்வார் போலிருக்கிறது" என்று சிரித்தார். பிறகு ராஜாவின் காதருகே குனிந்து, முறைக்காதே என்று சொல்வது சூரிய குலத்தையே சந்தேகப்படுவது அல்லவா என்று கேட்டார்.

அது போதும். ராஜா கொதித்தெழுந்தான். முறைத்துக்கொண்டேதான் இருப்பேன் என்றான்; அடுத்த அமாவாசைக்குள் பார்வை தெளியாவிட்டால் வைத்தியரின் கண்களைப் பிடுங்கிவிட வேண்டும் என்றும் ஓர் உத்தரவு போட்டான்.

சோமதேவர் நேராக மந்திரி வீட்டுக்குப் போனார். "என் கண் போனால் நாடி பிடித்தாவது பிழைத்துக்கொள்வேன் ஐயா. ராஜா கண் போனால் அவர் கையைப் பிடித்து நடத்தப்போவது வாசவராயர். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது" என்றார்.

பூதங்கிழாருக்கும் அதே பயம்தான். மறுநாள் உச்சிவேளைக்கு அவரும் மேல்மாடத்துக்குப் போனார். ராஜா முறைத்தான். சூரியன் சிமிட்டியதாக வாசவராயர் அறிவித்தார்.

"அடடா, நான் கவனிக்கவில்லையே. ராயரே, நீர் சரியாகப் பார்த்தீரா?" என்றார் மந்திரி.

"இமை கொட்டாமல் பார்த்தேன்."

"தினமுமா?"

"ஒரு நாள் தவறாமல்."

மந்திரி ராஜா பக்கம் திரும்பிக் கைகட்டி நின்றார். "மகாராஜா, சூரிய குலத்தாரால் மட்டும்தான் அவனை இமைக்காமல் பார்க்க முடியும். ராயரும் பார்த்திருக்கிறார். ஆக, அவரும் தங்கள் குலத்து வாரிசுதான். அவருக்கும் ஒரு சிம்மாசனம் செய்யச் சொல்லட்டுமா, இல்லை இருப்பதிலேயே கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறீர்களா?"

ராஜாவின் கை வாள் பிடிக்குப் போனது. வாசவராயர் தடாலென்று காலில் விழுந்தார். "ஐயோ, நான் வாரிசு இல்லை மகாராஜா. நான் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பித்தான் நிற்பேன்."

"அப்படியானால் சூரியன் சிமிட்டியதை யார் பார்த்தது?" என்றான் ராஜா.

ராஜாவின் முகம் சிறுத்துப்போனது. அசடு வழிந்த ராஜா புலியைவிட ஆபத்தானவன் என்று மந்திரிக்குத் தெரியும். தப்பு என்று சொன்னால் ராஜாக்களுக்குப் பிடிக்காது, மரியாதை என்று சொன்னால் பிடிக்கும் என்பதும் தெரியும்.

"மகாராஜா, சூரியன் தங்கள் குலத்துக்கே மூத்தவர். தாத்தா எதிரே வந்தால் நம் வீடுகளில் பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தலை குனிந்து கும்பிடுவார்களா, முறைப்பார்களா?"

ராஜா மெல்லத் தலை குனிந்தான். அன்றிலிருந்து உச்சிவேளையில் மாடத்தின் நிழலில் கண்மூடிக் கும்பிடுவதோடு சரி. சோமதேவர் மேல் போட்ட உத்தரவு ரத்தானது, அவர் கண்ணும் தப்பியது. திரிபலா நீரும் பொன்னாங்கண்ணியும் அரண்மனைக்கு வந்தன. கரும்புள்ளி முழுதாகப் போகவில்லை. ஆனாலும் தூண் தூணாகவும் மாமனார் மாமனாராகவும் தெரிந்தார்கள். வைத்தியரிடம் ராஜாவே மன்னிப்புக் கேட்டு, தன் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றிப் போட்டான். மந்திரிக்குத் தன் பட்டுச் சால்வையைப் போர்த்தினான்.

வாசவராயருக்கும் ஒரு பதவி கிடைத்தது. ராஜா படுக்கும்போது உள்ளங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும் பதவி. "காலைப் பிடிப்பதில் உமக்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கு இருக்கிறது?" என்று சொல்லித்தான் ராஜா அதைக் கொடுத்தான்.

ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரின் முகத்தை ராஜா விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தான்.

"ராயரே, உம் முகம் எப்போதும் இப்படித்தானா? கண் மங்கியிருந்தபோது எனக்கு நல்லவர் முகமாகத் தெரிந்ததே."

வாசவராயர் அடுத்த காலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டார்.