சங்கரவடிவு சாப்பிடவில்லை

“எம் பெண்டாட்டி என் கையால ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்கா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

தீத்தாரப்பன் நின்றபடியே கேட்டார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

மொட்டையம்மா பானையில் மோரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வேற யாரு கையால திங்காங்க?”

“யாரு கையாலயும் இல்ல.”

“அப்பப் பட்டினியா?”

“வாழைப்பழம் திங்கா. தோல் உரிக்காம இருக்கணும். கடலை திங்கா. தோட்டோட இருக்கணும். எளநியை நான் சீவிக் குடுத்தா வேண்டாம். முழுசா உருட்டிக் குடுத்தா அவளே வெட்டிக் குடிப்பா. மூடிக் கெடக்குறதுதான் எறங்குது. எலும்பாப் போயிட்டா.”

சித்திரை வெயில். குன்றின் அடிவாரத்தில் ஓர் ஓலைப்பந்தல். படியேறுகிறவர்களுக்கு அங்கே நீர்மோர். எந்தக் குன்று என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கத்துக் குன்றுகள் எல்லாமே ஒரே மாதிரிதான் சுடும்.

மொட்டையம்மாவுக்கு நாற்பது ஆகவில்லை. தலையை மழித்தவள், காவி கட்டாதவள். குறை சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேரை ஏசி அனுப்புவாள். மீதிப் பேரை ஏசாமல் அனுப்புவாள். ஏச்சு வாங்கியவர்கள்தான் திரும்பி வருவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

தீத்தாரப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. மகள் வயதுக்காரியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று வழியெல்லாம் கசந்துகொண்டுதான் வந்தார். போக வேறு இடம் இல்லை. டாக்டரைப் பார்த்தாயிற்று. குறி சொல்லிப் பேயோட்டுகிற கோடாங்கியைப் பார்த்தாயிற்று. மைத்துனன் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே காப்பியைக் கொடுத்து, வாசலிலேயே டம்ளரை வாங்கிக்கொண்டார்கள். தெருவில் கல்யாணம் என்றால் பத்திரிகை அவர் வீட்டைத் தாண்டிப் போயிற்று.

“அவங்களுக்கு என்ன சொகமில்ல?”

“காதுல குரல் கேக்கு. ஆள் இல்லாத குரல். மனச்சிதைவுன்னாரு டாக்டரு. ஆச்சு, பன்னெண்டு வருசம்.”

“மருந்து?”

“இருக்கு. ஒழுங்கா முழுங்குனா நல்லாத்தான் இருப்பா. கோலம் போடுவா. காய் வாங்கத் தெரியலன்னு என்னைய வைவா. ஆனா முழுங்க மாட்டேங்கா. நாக்கு தடிச்சுப் போவுதாம். நாள் பூரா தூக்கமா வருதாம். அந்தக் குரலு வேற வேண்டாங்குதாம்.”

“நீங்க என்ன சொன்னீய?”

“குரலே கெடையாதுன்னு சொன்னேன்.”

“கேட்டாங்களா?”

“பன்னெண்டு வருசமா அதத்தான சொல்லுதேன்!”

தீத்தாரப்பன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறைச் சண்டையில் அவரை ஜெயித்து இறங்கிய பயணி கிடையாது. வீட்டிலும் அப்படித்தான் வாதாடினார். பேசுகிற ஆள் எங்கே, காட்டு என்றார். பீரோவைத் திறந்து காட்டினார். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துக் காட்டினார். சுவரில் காதை வைத்து, “எனக்குக் கேக்கலையே ளா” என்றார். வாதத்தில் அவர்தான் ஜெயித்தார். ஜெயித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் அடுத்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“சரி. உங்க கையால திங்காம ஆனது எதனால?”

தீத்தாரப்பன் குன்றைப் பார்த்தார்.

மொட்டையம்மா மறுபடி கேட்கவில்லை. படியிறங்கி வந்த ஒரு கூட்டத்துக்கு மோர் ஊற்றினாள். குடித்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பிறகு இன்னொரு டம்ளரை எடுத்தாள். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எதையோ எடுத்துப் போட்டாள். விரலால் கலக்கினாள். திரும்பி நீட்டினாள்.

“குடிங்க அண்ணாச்சி.”

“என்னத்தப் போட்டீய?”

“ஒண்ணும் போடலையே.”

“முடிச்ச அவுத்தீய. நான் பாத்தேன்லா.”

“வெயில்ல கண்ணு கூசியிருக்கும்.”

“வெள்ளையா அடியில தங்கியிருக்கு. இந்தா பாருங்க.”

“மோருன்னா தங்கத்தான் செய்யும். குடிங்க. உங்க நல்லதுக்குத்தான்.”

“நல்லதுன்னா இன்னதுன்னு சொல்லிட்டுப் போடணும்லா? நீங்க பாட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் போட்டா?”

“ஒண்ணுமே போடலங்கேன். நம்ப மாட்டீயளா? கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டா?”

தீத்தாரப்பன் டம்ளரைத் தரையில் வைத்தார்.

“யாரு சொன்னா உங்ககிட்ட?”

“என்னத்த?”

அவர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்தார். டாக்டர் சொல்லவில்லை, அவராகத்தான். முதல் நாளே அவள் கேட்டாள், ரசம் என்னமோ கசக்கிறதே, எதையும் கலந்தீர்களா என்று. இல்லை என்றார். அவள் விடவில்லை. சாமி படத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றினார். உள்ளங்கையால் அணைத்தார். உன் சோற்றில் நான் ஒன்றும் கலக்கவில்லை, இது சத்தியம் என்றார்.

அவள் நம்பினாள். சாப்பிட்டாள். தெளிந்தாள். வாசலில் கோலம்கூட விழுந்தது.

ஒரு காலையில், அவர் டம்ளர் அடியால் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தபோது, அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டாள். மத்தியானம் வாழைப்பழம் கேட்டாள்.

“அவ நல்லதுக்குத்தான செஞ்சேன்,” என்றார் தீத்தாரப்பன்.

மொட்டையம்மா மோர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தொடவில்லை.

அவளே எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். “இன்னுங்கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்,” என்றாள்.

தீத்தாரப்பன் காலி டம்ளரின் அடியை எட்டிப் பார்த்தார்.

“அந்தக் குரலு என்ன சொல்லுது?” என்று கேட்டாள்.

“எந்தக் குரலு?”

“அவங்க காதுல கேக்குத குரலு.”

“இல்லாத குரலு என்னத்தச் சொல்லும்?”

“கேட்டுப் பாத்தீயளா?”

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“ஒரு தடவகூடவா கேக்கல?”

“கேட்டா, உண்டுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா.”

மொட்டையம்மா கரண்டியைப் பானையில் போட்டாள். சத்தமாகப் போட்டாள்.

“எந்திரிங்க. நிழல்ல நிக்க ஆளு வருது. போயிக் கேட்டுட்டு வாங்க.”

“கேட்டுட்டு வந்தா வழி சொல்லுவீயளா?”

அவள் அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றப் போய்விட்டாள்.

அவர் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சங்கரவடிவு பின்கட்டில் துவைக்கிற கல்லில் சாய்ந்திருந்தாள். மடியில் கடலைத் தோடு. அவர் வந்ததைப் பார்த்தாள். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை.

வழக்கமாக அவர் ஒரு தட்டில் அவளுக்கு வைப்பார். மூடுவார். தன் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். பிறகு அவளுடைய தட்டைத் திறந்து அந்தச் சோற்றை எடுத்துக் காக்காய்க்குப் போடுவார். காக்காய்கள் தெரிந்துகொண்டு நேரத்துக்கு வந்தன. அந்த வீட்டுக்கு வேளை தவறாமல் வந்தவை அவை மட்டும்தான்.

அன்று அவர் ஸ்டவ்வைத் தூக்கிப் பின்கட்டுக்கே கொண்டுவந்தார். அவளுக்கு எதிரே வைத்தார். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அரிசியை அவள் முன்னாலேயே களைந்தார். புளியைக் கரைத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலை கொதித்தது. அவர் கேட்டார்.

“வடிவு. அவங்க என்ன சொல்லுதாங்க?”

அவள் நிமிர்ந்தாள். “யாரு?”

“உங்கிட்டப் பேசுதவங்க.”

“எதுக்குக் கேக்குதீய? கோடாங்கிட்டப் போயிச் சொல்லவா?”

“இல்ல ளா. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கேக்கேன்.”

சோறு பொங்கி வடிகிற மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. அவர் வாதாடவில்லை. அது அவருக்குப் புதுசு. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

“ரெண்டு பேரு,” என்றாள்.

“ம்.”

“ஒருத்தன் ஆம்பள. வைவான். நான் குளிக்கையிலகூட விடமாட்டான். நீ எதுக்கு இருக்க, செத்துத் தொலைக்க வேண்டியதுதானேம்பான். சில நாளு காலையில ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற வரைக்கும் அதேதான்.”

பன்னிரண்டு வருஷம். ஒரே கூரை. அடுத்த அறையில் இப்படி ஒருத்தன் அவளை வைதுகொண்டே இருந்திருக்கிறான். தீத்தாரப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“இன்னொருத்தரு?”

“அவ பொம்பள. அவ அவ்வளவு மோசமில்ல. சில நேரம் சும்மா பேரச் சொல்லிக் கூப்பிடுவா. அவதான் சொன்னா, ரசத்துல மருந்து கெடக்கு, குடிக்காதன்னு.”

அவர் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“நான் அவள ஏசினேன்,” என்றாள் சங்கரவடிவு. “எம் புருசன் கற்பூரத்த அணைச்சிருக்காரு, அவரு பொய் சொல்ல மாட்டாருன்னேன். அவ இல்ல, பொய்தான்னு சாதிச்சா. உங்களுக்காக அவகூடச் சண்ட போட்டுக்கிட்டேதான் அந்த ரசத்தக் குடிச்சேன்.”

தோட்டை மடியிலிருந்து தட்டினாள்.

“கடைசியில இந்த வீட்டுல அவ ஒருத்திதான் எங்கிட்ட உள்ளதச் சொல்லியிருக்கா.”

பஸ் நிறைய ஆட்களை வாயால் அடக்கிய மனுஷன். இப்போது அவரிடம் இருந்த சொல் ஒன்றுதான். அதைச் சொன்னார்.

“போட்டேன்.”

“ம்?”

“மாத்திரையப் பொடிச்சுப் போட்டேன். கற்பூரத்த அணைச்சது பொய்.”

அவள் அவரையே பார்த்தாள்.

“இன்னைக்கு?”

“இல்ல.” சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். இருவருக்கும் நடுவில், தரையில் வைத்தார். “இங்கன இருக்கு. இனிமே இது வெளியிலதான் இருக்கும். நீயா எடுத்தாத்தான் உண்டு. நாக்கு தடிக்குதுங்கறத டாக்டர்ட்டச் சொல்லுவோம். ரெண்டு பேருமாப் போவோம். நீயே சொல்லு, நான் வாயத் தொறக்க மாட்டேன். வேற மருந்து உண்டான்னு கேப்போம்.”

அவள் அட்டையைத் தொடவில்லை. தள்ளவும் இல்லை.

தட்டை இழுத்தாள். அவர் சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். தரையில் கொஞ்சம் சிந்தியது. அவள் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். காத்திருந்தாள். பிறகு ஒரு வாய் பிசைந்து உண்டாள்.

தீத்தாரப்பன் கேட்டார்.

“இப்ப அவ என்ன சொல்லுதா?”

சங்கரவடிவு தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

“ஒண்ணும் சொல்லல,” என்றாள். “நீங்க பேசுததக் கேட்டுக்கிட்டிருக்கா.”