நிர்மாலியப் பை

கோமதியம்மைக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. அவருடைய சீடர் குற்றாலிங்கம் பேரன் பேத்தி எடுத்தவர். தென்காசிப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னச் சைவ மடத்தில் இதை யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. அவர் இவரை ‘அம்மா’ என்பார். இவர் அவரை ‘அண்ணாச்சி’ என்பார். தீட்சை வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான்.

குற்றாலிங்கம் வங்கியில் லாக்கர் அறையைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அறை அவரை விட்டுப் போகவில்லை. மடத்து உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டார். புத்தக அலமாரிக்குப் போட்டார். ஊறுகாய் ஜாடி இருந்த பரணுக்கும் ஒன்று போட்டார். அம்மை எதையும் தடுக்கவில்லை. ஊறுகாய் வேண்டுமென்றால் அவரிடம் போய்ச் சாவி கேட்டு வாங்கிக்கொள்வார்.

பினாங்கில் ஒரு சிவன் கோயிலில் தேவாரம் பற்றிப் பேசுவதற்கு அம்மையை அழைத்திருந்தார்கள். கோயிலின் விருந்தினர் அறைகளில் வெள்ளையடிப்பு நடந்ததால் இருவருக்கும் ஒரு ஹோட்டலில் அடுத்தடுத்து அறை போட்டார்கள்.

அம்மையிடம் ஒரு படிகலிங்கம் இருந்தது. கட்டைவிரல் உயரம்தான். அவருடைய குருநாதர் கண்மூடுவதற்கு முன் இவர் கையில் வைத்துவிட்டுப் போனது. உச்சிவேளையில் அதற்குப் பூஜை செய்த பிறகுதான் அம்மை அன்றைய முதல் வாய்த் தண்ணீரைக் குடிப்பார். மடமானாலும் சரி, ரயில் பெட்டியானாலும் சரி, பூஜை இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. இதை அவர் பெரிய விரதமென்று சொல்லிக்கொண்டதில்லை. தினமும் பல் தேய்ப்பதைப் போலச் செய்துவந்தார்.

லிங்கம் ஒரு வெள்ளிச் சம்புடத்துக்குள் இருக்கும். பயணத்தில் சம்புடத்தைப் பாதுகாப்பது குற்றாலிங்கத்தின் பொறுப்பு. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு.

ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் அவர் கதவுச் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். அலமாரிக்குள் ஒரு சின்ன இரும்புப் பெட்டகம் இருந்தது. பிடித்த எண்ணை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்தவர் எண்ணை மறந்துவிட்டால் திறப்பதற்கு ஹோட்டல்காரர்களிடம் இன்னொரு எண் இருக்கத்தானே செய்யும். லாக்கர் அறையில் இருந்தவருக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்?

சம்புடத்தை எடுத்துக்கொண்டு அம்மையின் அறைக்குப் போனார்.

“அம்மா, இதை எங்க வைக்க?”

“மேசை மேல வைங்க அண்ணாச்சி.”

“துப்புரவு பண்ண ஆள் வருமே?”

“வந்தா நல்லது. இது எங்க சாமி, பாத்துக்கிடும்மான்னு சொல்லிருங்க.”

அம்மை விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அன்று உச்சிப் பூஜை அம்மையின் அறையில் நல்லபடியாக முடிந்தது. சாத்திய வில்வத்தையும் அரளியையும் குற்றாலிங்கம் எடுத்து ஒரு பையில் சேர்த்தார். சிவனுக்குச் சாத்திக் களைந்த பூவை நிர்மாலியம் என்பார்கள். அதை மிதிக்கக் கூடாது. குப்பையில் போடக் கூடாது. ஓடுகிற தண்ணீரிலோ கடலிலோதான் விட வேண்டும். கடற்கரைக்குப் போகும்போது விட்டுக்கொள்ளலாம் என்று, வழியில் செய்த பூஜையின் பூக்களோடு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

அந்தப் பையைப் பார்த்ததும்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சிவ நிர்மாலியத்தை எவன் தொடுவான்? திருட வந்தவன்கூட ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகிப் போவான். சம்புடத்தைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூவுக்கு அடியில் வைத்தார். பையைத் தம் அறைப் பால்கனி நாற்காலியின் மேல் வைத்தார். அம்மையிடம்கூடச் சொல்லவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனார்கள். தரிசனம் முடிந்து பிரகாரம் சுற்றி வரும்போது சண்டிகேசுவரர் சந்நிதி வந்தது. சிவன் சொத்தைக் காவல் காக்கிறவர் அவர். கோயிலிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அவருக்கு வெறுங்கையைக் காட்டிவிட்டு வருவது வழக்கம். சிலர் கை தட்டுவார்கள். அம்மை அப்படிச் செய்வதில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மெல்ல விரித்துக் காட்டினார். குற்றாலிங்கம் கையைக் காட்டியதோடு நிற்காமல் ஜிப்பாப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். அதில் ஒரு கைக்குட்டைதான் இருந்தது.

பூஜை வேளைக்குத் திரும்பி வந்தார்கள். குற்றாலிங்கத்தின் அறையைச் சுத்தம் செய்திருந்தார்கள். மெத்தை விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. பால்கனி நாற்காலியில் ஒன்றும் இல்லை.

குற்றாலிங்கம் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரியில் பார்த்தார். அப்புறம் யோசித்தார். வாடிப்போன பூவை யார் எடுப்பார்கள்? உள்ளே வெள்ளி இருப்பது தெரிந்தவர்கள்தான் எடுப்பார்கள். அவ்வளவுதான், படியிறங்கி ஓடினார்.

வரவேற்பு மேசையில் மோகனா என்ற பெண் இருந்தாள். அந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப்பெண். அவர் சொன்னதைக் கேட்டு, அறையைச் சுத்தம் செய்த சுலாஸ்திரியைக் கூப்பிட்டாள். இந்தோனேசியாவிலிருந்து ஏஜெண்ட் மூலம் வேலைக்கு வந்தவள் சுலாஸ்திரி. தலையில் முக்காடு, கையில் ரப்பர் உறை. மோகனா மலாயில் கேட்க, அவள் தயங்காமல் பதில் சொன்னாள். பூ அழுகி எறும்பு மொய்த்ததாம். மற்றக் குப்பையோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டாளாம்.

“சாமிக்குப் போட்ட பூவை யாராச்சும் குப்பையில போடுவாங்களா?” என்று குற்றாலிங்கம் சத்தம் போட்டார். “பொய் சொல்லுதா. இவ திருடி.”

ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோகனா அதை மொழிபெயர்க்கவில்லை. நீட்டிய விரலே போதுமானதாக இருந்தது. சுலாஸ்திரி கையுறையைக் கழற்றி மடித்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

திருட்டுப் புகார் என்றால் ஏஜெண்டுக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னால் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மோகனா தணிந்த குரலில் சொன்னாள். அனுப்பட்டும் என்றார் குற்றாலிங்கம். மோகனா போனை எடுத்தாள்.

அம்மை அப்போதுதான் கீழே வந்தார். நடந்ததைக் குற்றாலிங்கம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மோகனாவைப் பார்த்தார்.

“குப்பை எங்கம்மா போகும்?”

பின்கட்டில் இருக்கிறது, லாரி வருகிற நேரம்தான் என்றாள் மோகனா.

பின்கட்டில் கறுப்புப் பைகள் சுவரோரமாகக் குவிந்து கிடந்தன. அம்மை காவிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பையை அவிழ்த்தார். மீன் முள், ஈரத்தாள், தலைமுடி. பூஜைக்குக் குளித்துவிட்டு வந்த உடம்பு. குற்றாலிங்கம் வேண்டாம் அம்மா, நான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நின்ற இடத்தில் நின்றார். சுலாஸ்திரி யாரும் கூப்பிடாமலே வந்து அம்மைக்கு எதிரே குந்தினாள். இன்னொரு பையை அவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

லாரியின் ஹாரன் வாசலில் கேட்டது. அம்மை தலையைத் தூக்கவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து ஏதோ கத்தினான். சுலாஸ்திரி எழுந்து போய் அவனுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். 

பை குற்றாலிங்கத்தின் கையிலேயே கிடைத்தது. அவர் காலையில் உரித்துப் போட்ட வாழைப்பழத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவில் அரளிப்பூக்கள். அடியில் பட்டுத்துணி. அதற்குள் சம்புடம். சம்புடத்துக்குள் லிங்கம் கீறல் இல்லாமல் இருந்தது. குற்றாலிங்கம் குப்பை நடுவிலேயே உட்கார்ந்து அழுதார்.

“இங்கெல்லாம் கிடந்துட்டே அம்மா. பரிகாரம் ஏதும் செய்யணுமா?”

“சாமி மேல பட்டதுக்குத் தண்ணி போதும் அண்ணாச்சி.”

குற்றாலிங்கம் குளித்தார். சம்புடத்தைக் கழுவினார். அம்மையின் அறையில் பலகை போட்டு, புதுப் பூ எடுத்து வைத்து, விளக்கில் திரி போட்டுக் காத்திருந்தார். அம்மை குளித்துவிட்டு வந்தார். ஆனால் அறைக்குள் வராமல் நேரே கீழே இறங்கிப் போனார். குற்றாலிங்கம் சம்புடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். இனி அதை எங்கேயும் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். அம்மை ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எல்லாம் எடுத்து வச்சாச்சு அம்மா. நேரம் போயிட்டு.”

“இருக்கட்டும்.”

“பொருள்தான் கிடைச்சிட்டே.”

“நம்ம பொருள் கிடைச்சிட்டு. அந்தப் பிள்ளை பொருள் இன்னும் கிடைக்கல.”

குற்றாலிங்கம் சுற்றிலும் பார்த்தார். சுலாஸ்திரியைக் காணவில்லை. ஏஜெண்டின் ஆள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாக மோகனா சொன்னாள். பொருள் கிடைத்துவிட்டது என்று அவளும் போன் செய்து பார்த்திருந்தாள். பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்திருப்பாள், அப்படிப்பட்டவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார்களாம். டிக்கெட் போடப் போகிறார்களாம்.

“நான் வேணா பேசுதேன். போனை என் ரூமுக்குக் குடுங்க” என்றார் குற்றாலிங்கம்.

“எங்க நின்னு சொன்னியளோ அங்கயே நின்னு சொல்லுங்க” என்றார் அம்மை.

அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் சத்தம் போட்டபோது திரும்பிப் பார்த்த முகங்கள் சில இன்னும் ஹாலில் இருந்தன. நான்தான் ஒளித்து வைத்தேன், அந்தப் பெண் குப்பையென்று நினைத்துத் தன் வேலையைச் செய்தாள், திருடவில்லை என்று போனில் சொன்னார். மறுமுனையில் இருந்தவன் அவசரத்தில் இருந்தான். குற்றாலிங்கம் இன்னும் உரக்கச் சொன்னார். வெட்கத்தில் காது மடல் சுட்டது. அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

அம்மை எழுந்திருக்கவில்லை.

வெயில் ஹாலின் கண்ணாடியைத் தாண்டிச் சாயத் தொடங்கியது. அம்மையின் உதடு வெடித்திருந்தது. மோகனா ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மை அவள் கையைத் தொட்டுச் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். குற்றாலிங்கம் பூஜையாவது முடித்துவிட்டு வந்து உட்காருங்களேன் என்று கெஞ்சினார். உடம்பு தாங்காது என்றார். அம்மை கண்ணை மூடிக்கொண்டார்.

அவரை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கக் குற்றாலிங்கத்தால் முடியவில்லை. சம்புடத்தை மேல்துண்டில் முடிந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ஏஜெண்ட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று மோகனாவிடம் கேட்டார்.

“அவங்க கேக்க மாட்டாங்க ஐயா.”

“கேக்குற வரைக்கும் நிக்கேன்” என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினார்.

அங்கே அவர் என்ன பேசினார் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து மோகனாவுக்குத்தான் போன் வந்தது. உங்கள் ஹோட்டல் பெரியவர் ஒருவர் துணி முடிச்சோடு வந்து நிற்கிறார், நாற்காலி கொடுத்தால் உட்கார மாட்டேன் என்கிறார், கதவைச் சாத்தப் போகிறோம் என்றாலும் நகர மாட்டேன் என்கிறார், இவரை என்ன செய்வது என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணையும் கூட அனுப்பிவிடுங்கள், போய்விடுவார் என்றாள் மோகனா.

தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது டாக்ஸி வாசலில் நின்றது. முன்பக்கத்திலிருந்து குற்றாலிங்கம் இறங்கினார். பின்பக்கத்திலிருந்து சுலாஸ்திரி தன் பெட்டியோடு இறங்கினாள். அழுது வீங்கிய முகம். பேர் எழுதிய வில்லையை மறுபடியும் சட்டையில் குத்தியிருந்தாள். ஊசி சரியாகக் குத்தாமல் அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அம்மை நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். ஒரு கணம் உடம்பு தள்ளாடியது. நடந்துபோய்ச் சுலாஸ்திரிக்கு எதிரே நின்றார். இரண்டு உள்ளங்கைகளையும் மெல்ல விரித்துக் காட்டினார்.

சுலாஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. எதையாவது கேட்கிறாரோ என்று மோகனாவைப் பார்த்தாள்.

குற்றாலிங்கத்துக்குப் புரிந்தது. காலையில் சண்டிகேசுவரருக்கு முன்னால் ஜிப்பாப் பையை இழுத்துக் காட்டியது ஞாபகம் வந்தது. அவரும் முன்னால் வந்தார். ஆனால் கை விரிக்க முடியவில்லை. இரண்டு கையிலும் சம்புடம் இருந்தது. 

தரையில் வைக்கக் கூடாது. நாற்காலியில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மேசையைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார்.

“அம்மா, இதை எங்க வைக்க?”

“அவ கையில குடுங்க அண்ணாச்சி.”